அமுக்கராவும் கார்டிசாலும்: எனது இரண்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள்

ஒரு வாசகியின் கேள்வி, 2 ஜூன் 2024

நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியை. வயது 31. ஆறு மாதமாகத் தூக்கம் சரியில்லை, சின்ன விஷயத்துக்கும் படபடப்பு. முழு உடல் பரிசோதனை செய்துகொண்டபோது அந்தத் தொகுப்பில் கார்டிசாலும் இருந்தது. காலை 8 மணிக்கு எடுத்த ரத்தத்தில் 31.6 என்று வந்திருக்கிறது. ஆய்வகத்தின் வரம்பு 5 முதல் 25 வரை. "ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கூடிவிட்டது, அமுக்கரா சாப்பிடுங்கள், இறங்கிவிடும்" என்று ஆய்வகத்தில் இருந்தவரே சொல்லி அனுப்பினார். உண்மையில் இறங்குமா? சூரணமா, கேப்சூலா? சாப்பிட்டுப் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

2 ஜூன், இரவு 10.40

நான் சாப்பிட்டேன். இறங்கியது.

திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவு மேற்பார்வையாளனாக இருக்கிறேன். 19 வருடமாகப் பகல், அரை நைட், முழு நைட் என்று வாரம் ஒரு ஷிஃப்ட். முழு நைட் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தால் உடம்பு அசையாது, மனம் மட்டும் ரிங் ஃபிரேம் வரிசையில் நடந்துகொண்டிருக்கும். மார்ச் மாதம் கார்டிசால் எடுத்தேன்: 19.8. அதன்பிறகு அசுவகந்தி, அதாவது அமுக்கரா, வேர்ச் சாறு கேப்சூல், 300 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. இரண்டு மாதம் கழித்து மே 21-ஆம் தேதி எடுத்ததில் 9.1. கணக்குப் போட்டால் 54 சதவீதம் குறைவு. தூக்கமும் வருகிறது. சகோதரி தாராளமாகத் தொடங்கலாம்.

3 ஜூன்

சூரணமா கேப்சூலா என்ற பகுதிக்கு நேற்று பதில் சொல்லவில்லை. இரண்டும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அமுக்கரா சூரணத்தின் பாகம் அழகான கணக்கு. கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதற்கு இரட்டிப்பு. கூட்டினால் 255 பங்கு. அதாவது நீங்கள் எடுக்கும் ஒரு கரண்டியில் பாதி சர்க்கரை, கால் பங்குதான் அமுக்கரா. மீதி கால் பங்கு சுக்கும் திப்பிலியும் மிளகும் மற்றவையும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்கவேண்டும்.

கேப்சூலில் இருப்பது வேரிலிருந்து செறிவாக எடுத்த சாறு. வெறும் வேர்ப்பொடியை ஆயுர்வேதத்தில் ஒரு நாளைக்கு 3 முதல் 6 கிராம் வரை என்பார்கள். ஒன்றைச் சாப்பிட்டுக் கிடைத்த பலனை இன்னொன்றின் கணக்கில் எழுதக்கூடாது. ஆய்வுகளில் பெரும்பாலும் சாறுதான் கொடுத்திருக்கிறார்கள்.

5 ஜூன், அதிகாலை, அரை நைட் முடிந்து வந்து

"அடாப்டோஜென் என்பது ஆயுர்வேதத்தில் உள்ள சொல்லா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நெருக்கடியைத் தாங்க உடம்புக்கு உதவும் பொருளைக் குறிக்கும் சோவியத் நாட்டுச் சொல் அது. 1947-இல் நிக்கோலாய் லாசரேவ் என்ற மருந்தியல் அறிஞர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அப்போது அவர் கையில் இருந்தது மூலிகை அல்ல, டிபசோல் என்ற செயற்கை மருந்து. பிறகு விளாடிவஸ்டோக்கில் இஸ்ரேல் பிரெக்மன் அதைச் செடிகளின் பக்கம் திருப்பினார். ஜின்செங் கிடைப்பது அரிது, விலையும் அதிகம். அதனால் ரஷ்யாவின் தூரக்கிழக்குக் காடுகளில் தானே வளர்ந்து கிடந்த எலூத்தெரோகாக்கஸ் என்ற முட்செடியை எடுத்துக்கொண்டார்கள். இன்று கடைகளில் சைபீரியன் ஜின்செங் என்று விற்பது அதுதான். நம் அமுக்கரா இந்தக் குடும்பத்தில் பிற்பாடு சேர்க்கப்பட்ட பிள்ளை.

பிரெக்மனும் தார்திமோவும் 1969-இல் எழுதிய கட்டுரையில் அடாப்டோஜென் எப்படி இருக்கவேண்டும் என்று சொன்ன இலக்கணத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு குழப்பம். உடம்புக்குத் தீங்கு செய்யக்கூடாது, எந்த வகை நெருக்கடிக்கும் பொதுவாகத் தாக்குப்பிடிக்க உதவவேண்டும், உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அதை நடுநிலைக்குக் கொண்டுவரவேண்டும். கூடியதைக் குறைப்பது மட்டும் அல்ல, குறைந்ததை ஏற்றுவதும் அதன் வேலை. கடையில் எழுதியிருப்பதோ "கார்டிசாலைக் குறைக்கும்" என்று. எனது 19.8 எந்தப் பக்கமும் சாய்ந்திருக்கவில்லையே, 5-க்கும் 25-க்கும் இடையில்தானே இருந்தது? பிறகு எதற்கு இறங்கியது? இதை யோசிக்கிறேன்.

ஐரோப்பிய மருந்து முகமையும் 2008-இல் இந்தச் சொல்லை எடைபோட்டுப் பார்த்துவிட்டு, மருந்தியலில் ஏற்றுக்கொள்ளும் அளவுக்குத் தெளிவில்லை என்றுதான் எழுதியது.

கார்டிசால் எப்படிக் கட்டுப்படுகிறது என்று எனக்குப் புரிந்தது எங்கள் ஆலையின் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட்டை வைத்துத்தான். நூல் அறாமல் இருக்க ஸ்பின்னிங் பகுதியில் காற்றின் ஈரம் ஓர் அளவில் நிற்கவேண்டும். ஈரம் குறைந்தால் தண்ணீர்த் தெளிப்பு கூடும், ஏறினால் தெளிப்பு தானாக மட்டுப்படும். உடம்பிலும் அதே ஏற்பாடு. மூளையில் ஹைப்போதலாமஸ் ஒரு கட்டளைச் சுரப்பை அனுப்புகிறது, அது பிட்யூட்டரிக்குப் போகிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற சுரப்பை ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி அதைக் கண்டு கார்டிசாலைச் சுரக்கிறது. கார்டிசால் ஏறியதும் அதுவே மேலே போய் ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடக்குகிறது. அட்ரீனல் ஒவ்வொன்றும் நாலைந்து கிராம்தான் இருக்கும்.

ஒரு வித்தியாசம் உண்டு. பிளான்ட்டில் அளவு எந்நேரமும் ஒன்றே. உடம்பில் அந்த அளவே மணிக்கு மணி மாறுகிறது. விழித்து அரை மணி, முக்கால் மணியில் கார்டிசால் உச்சத்துக்குப் போகும். மாலையில் ஏறக்குறைய பாதியாகும். நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தில் இருக்கும்.

9 ஜூன்

சகோதரி, 2-ஆம் தேதி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். தயவுசெய்து அதை நம்பி எதையும் தொடங்கவேண்டாம்.

ஒருவர் என்னிடம் ஒரே வரியில் கேட்டிருந்தார்: "இரண்டு தடவையும் ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள்?" பீரோவில் வைத்திருந்த ஃபைலை எடுத்துப் பார்த்தேன். பெயருக்கும் வயதுக்கும் கீழே, எறும்பு அளவு எழுத்தில், மாதிரி சேகரித்த நேரம் என்று ஒரு வரி இருக்கிறது. மூன்று மாதத்தில் அந்தக் காகிதத்தை எத்தனை முறை பிரித்துப் பார்த்திருப்பேன், எண்ணைத் தவிர வேறு எதையும் நான் படிக்கவில்லை. மார்ச் 19 சீட்டில் 7.40. மே 21 சீட்டில் 10.50.

மார்ச்சில் எனக்குப் பகல் ஷிஃப்ட் வாரம். இரவு தூங்கி, காலை ஏழு மணிவாக்கில் எழுந்து நேராக ஆய்வகத்துக்குப் போனேன். மே மாதம் முழு நைட் வாரம். வேலை முடிந்து, ரேஷன் கடைக்கும் போய்விட்டு, தூங்காமல் கொள்ளாமல் பதினொரு மணிக்குக் கையை நீட்டியிருக்கிறேன். ஒன்று மலை உச்சியில் நின்று அளந்தது, மற்றொன்று பாதி மலை இறங்கிய பிறகு அளந்தது. இரண்டையும் கழித்து 54 சதவீதம் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு முன்பே உறைத்திருக்கவேண்டும். 2012-இல் ஹைதராபாத்தில் 64 பேரை வைத்து நடத்திய ஆய்வுதான் எல்லாரும் எடுத்துக்காட்டுவது. நான் சாப்பிட்ட அதே அளவு, 300 மில்லிகிராம் இரண்டு வேளை, 60 நாள். அங்கே அசுவகந்தி சாப்பிட்டவர்களுக்குக் கார்டிசால் 27.9 சதவீதம் குறைந்தது. என்னுடையது அதைப்போல் இரட்டிப்பு. உடம்பு நன்றாக ஏற்றுக்கொண்டது என்று நினைத்தேனே தவிர, அளவில் பிழை இருக்கலாம் என்று நினைக்கவில்லை. ஆலையில் ஒரு மீட்டர் இப்படிக் காட்டினால் முதலில் மீட்டரைத்தான் கழற்றிப் பார்ப்பேன்.

அதே ஆய்வில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 7.9 சதவீதம் குறைந்தது. அந்த வரியை யாரும் எடுத்துப் போடுவதில்லை, நானும் தாண்டித்தான் போயிருந்தேன்.

9 ஜூன், சற்று கழித்து

"அப்படியானால் எல்லாம் பொய்யா?" என்று கேட்காதீர்கள். எனது எண் பொய்த்தது, அவ்வளவுதான். 2019-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் லொப்ரெஸ்டி குழுவினர் 60 பேரிடம் 240 மில்லிகிராம் சாறு கொடுத்துப் பார்த்ததிலும் காலைக் கார்டிசால் குறைந்தது. எல்லாம் சிறிய ஆய்வுகள், எல்லாம் இரண்டு மாத அளவு. ஒரு வருடம், இரண்டு வருடம் விடாமல் சாப்பிடுபவர்களுக்கு அதில் பதில் கிடையாது. இன்றோடு நான் கேப்சூலை நிறுத்துகிறேன். ஆறு வாரம் கழித்து, பகல் ஷிஃப்ட் வாரத்தில், 7.40-ஐ ஒட்டி மறுபடி எடுக்கிறேன்.

12 ஜூன்

கேள்வி கேட்ட சகோதரி எழுதியிருக்கிறார். தனிப்பட்ட விஷயம், ஆனாலும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்று அவரே அனுமதித்திருக்கிறார். ஒன்றரை வருடமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாராம். இங்கே வரும் மருத்துவர் ஒருவர் அதைக் கேட்டதும் சொன்னது: ரத்தத்தில் கார்டிசாலின் பெரும்பகுதி ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை அந்தப் புரதத்தைப் பெருக்கிவிடும். அந்தப் புரதத்தைப் பஸ் என்றும் கார்டிசாலைப் பயணிகள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பஸ்கள் கூடினால் உட்கார்ந்திருப்பவர்களும் கூடுவார்கள். பரிசோதனை பஸ்ஸில் இருப்பவர்களையும் சேர்த்து எண்ணுகிறது. வேலை செய்வதோ இறங்கி நடப்பவர்கள் மட்டும்தான், அவர்கள் எண்ணிக்கை மாறாமல் இருக்கலாம். எனவே 31.6 என்பது மாத்திரையின் எண்ணாக இருக்கக்கூடும். மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மாற்று ஏற்பாடு செய்து, ஆறு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கவேண்டும்.

ஆய்வகத்தில் இருந்தவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அவருக்கு இத்தனை நாள் கலக்கம் இல்லை. நானும் கேட்கவில்லை. "தாராளமாகத் தொடங்கலாம்" என்றேன்.

16 ஜூன்

அமுக்கராக் கிழங்கைச் சுத்திகரிப்பது பற்றிப் பலர் கேட்டதால் இது. கனமான விஷயம் எதுவும் இல்லை.

எங்கள் அம்மாவுக்குக் கேப்சூல் என்றால் ஆகாது. நாட்டு மருந்துக் கடையில் கிழங்காக வாங்கிவந்து, இடித்து, சலித்து, பசும்பாலைத் தெளித்துப் பிசிறுவார். புட்டுக்கு மாவு பிசிறுகிற பதம்: பிடித்தால் பிடிபடவேண்டும், விட்டால் உதிரவேண்டும். இட்லிப் பானையில் துணி கட்டி அதன்மேல் பரப்பி அவிப்பார். இதைத்தான் சித்த வைத்தியத்தில் பிட்டவியல் என்கிறார்கள். ஆவி வரத் தொடங்கியதும் வீடு முழுக்க ஒரு வாடை கிளம்பும். அசுவகந்தி என்றால் குதிரை வாடை என்று பொருள், அந்தப் பெயரை வைத்தவர் இந்த வேளையில் அடுப்படியில்தான் நின்றிருக்கவேண்டும். என் மகள் இதற்குக் குதிரைப் புட்டு என்று பெயர் வைத்திருக்கிறாள். பிறகு முறத்தில் கொட்டி வெயிலில் காயவைத்து, மறுபடி இடித்தால் பொடி முன்னைவிட வெளுத்து, மெதுவாக இருக்கும். நாக்கில் வைத்தால் அந்த முதல் கசப்பு அடங்கியிருக்கும்.

இரவில் அதில் அரைக் கரண்டி, பனங்கற்கண்டு போட்ட பாலில். இரண்டு டம்ளர் ஆற்றி வைப்பார். ஒன்று எனக்கு, ஒன்று என் மனைவிக்கு.

கிழங்கை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். நல்லது படக்கென்று ஒடியும், உள்ளே வெளுப்பாக மாவுபோல இருக்கும். நார் நாராக இழுத்தால் முற்றியது. கடைக்கு வருவதில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தில் நீமச், மந்த்சௌர் பக்கத்துச் சரக்கு. நம் ஊர்த் தரிசுகளிலும் செடி தானே வளரும், அதைப் பார்த்து இலையைப் பறித்துக் கஷாயம் வைக்கிறேன் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வேண்டாம். 2021 அக்டோபரில் ஆயுஷ் அமைச்சகமே தயாரிப்பாளர்களிடம் இலையைப் பயன்படுத்தாதீர்கள், வேரை மட்டும் பயன்படுத்துங்கள் என்று சொன்னது. விதாஃபெரின்-ஏ என்ற கடுமையான பொருள் வேரைவிட இலையில்தான் அதிகம்.

28 ஜூன்

இதை எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு எட்டு வருடமாகத் தைராய்டு குறைவு. தினமும் காலையில் 75 மைக்ரோகிராம் மாத்திரை. ஏப்ரலில் நான் கேப்சூல் சாப்பிட்டு நன்றாகத் தூங்குவதைப் பார்த்து, "எனக்கும் ஒன்று கொடுங்கள்" என்றாள். அதே பாட்டிலிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தேன். நான் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை. அம்மாவின் பால் வேறு. மே கடைசியிலிருந்து அவளுக்குக் கை லேசாக நடுங்கியது, படியேறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. மாதவிடாய் நிற்கும் வயது நெருங்குகிறது, அதனால்தான் என்று நாங்களே முடிவு கட்டினோம். சாம்பார்க் கரண்டியைப் பிடித்திருக்கும்போது அது பாத்திர விளிம்பில் டக் டக்கென்று தட்டுவதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

24-ஆம் தேதி வழக்கமான பரிசோதனை. டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லிப் பிட்யூட்டரி அனுப்பும் சுரப்பு. ஜனவரியில் 2.8 இருந்த அது இப்போது 0.21. தைராய்டு சுரப்பு ரத்தத்தில் மிகுந்துவிட்டால் பிட்யூட்டரி டி.எஸ்.எச்.-ஐ இப்படித்தான் அடக்கும். நான் 5-ஆம் தேதி எழுதினேனே, ஏறியதும் மேலே போய் அடக்கும் என்று, அதே ஏற்பாடு. மருத்துவர் மாத்திரை அளவைத் தொடவே இல்லை. "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்.

2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு: தைராய்டு லேசாகக் குறைந்திருந்த 50 பேர், 8 வாரம் அசுவகந்தி. அவர்களுக்கு டி.எஸ்.எச். இறங்கியது, தைராய்டு சுரப்பு ஏறியது. தைராய்டுக்கு நல்லது என்று பலர் இதைப் பகிர்கிறார்கள், நானும் அப்படித்தான் படித்திருந்தேன். ஏற்கெனவே மாத்திரை மூலம் சரியான அளவில் நிற்பவருக்கு அது மேலும் ஏற்றிவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. டென்மார்க் 2023-இல் அசுவகந்தியைத் தடை செய்தபோது சொன்ன காரணங்களில் தைராய்டும் ஒன்று, பாலியல் சுரப்புகள் மற்றொன்று. கர்ப்பத்தைக் கலைக்கக்கூடும் என்ற அச்சமும் உண்டு. அந்தத் தடையைப் பற்றி இங்கே சிலர் கோபமாக எழுதியபோது நானும் அவர்களோடு சேர்ந்து கோபப்பட்டேன். இப்போது அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரண்டையும் நிறுத்தியாயிற்று. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உங்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடாதீர்கள். நம் ஊரில் வீட்டுக்கு ஒருவர் அந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

29 ஜூன்

விசாரித்த எல்லாருக்கும் நன்றி. நடுக்கம் குறைந்துவருகிறது.

கல்லீரல் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், பதிவாகியிருக்கிறது. 2020-இல் வெளியான கட்டுரையில் ஐஸ்லாந்தில் 3 பேர், அமெரிக்காவில் 2 பேர். தொடங்கி 2 முதல் 12 வாரத்துக்குள் மஞ்சள் காமாலையும் கடுமையான அரிப்பும். நிறுத்திய பிறகு ஐவரும் தேறினார்கள். அரிதுதான். சிறுநீர் மஞ்சளாகப் போனாலோ உடம்பு அரித்தாலோ "பித்தம்" என்று விட்டுவிடாதீர்கள். எனக்குக் கல்லீரல் பரிசோதனை எடுத்தாயிற்று, எல்லாம் அளவில் இருக்கிறது.

4 ஜூலை

அமுக்கரா வேண்டாம், அதிமதுரக் கஷாயம் தினம் மூன்று வேளை குடித்தால் ஸ்ட்ரெஸ் போகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, அதிமதுரம் கார்டிசால் விஷயத்தில் இன்னும் நேரடியாகக் கை வைக்கிறது, அதுவும் எதிர்த்திசையில்.

சிறுநீரகத்தில் ஒரு நொதி கார்டிசாலை வேலை செய்யாத கார்டிசோனாக மாற்றிவிடும். அங்கே உப்பைப் பிடித்துவைக்கும் வேலை ஆல்டோஸ்டிரோன் என்ற வேறு சுரப்புக்கு உரியது. கார்டிசால் உள்ளே நுழைந்தால் அந்த வேலையையும் செய்துவிடும் என்பதால் வாசலிலேயே இந்த நொதியைக் காவலுக்கு வைத்திருக்கிறது உடம்பு. அதிமதுரத்தின் இனிப்பான கிளிசிரைசின் அந்தக் காவலாளைச் செயலிழக்கச் செய்கிறது. உப்பு உடம்பில் தங்குகிறது, பொட்டாசியம் வெளியேறுகிறது, ரத்தக் கொதிப்பு ஏறுகிறது, கால் வீங்குகிறது. நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்ற மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தபோது நோயாளிகளுக்கு வீக்கம் வந்ததைக் கவனித்து 1946-இல் எழுதினார். ஐரோப்பாவில் கிளிசிரைசின் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராமைத் தாண்டவேண்டாம் என்கிறார்கள்.

தொண்டைக் கட்டுக்கு ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வது வேறு. மாதக்கணக்கில் மூன்று வேளைக் கஷாயம் வேறு. கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

21 ஜூலை

"எப்படியோ, கார்டிசால் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது" என்று இந்த இழையில் மூன்று பேராவது எழுதிவிட்டார்கள். எங்கள் ஆலையில் என்னோடு வேலை செய்யும் ஃபிட்டரின் அப்பாவுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

68 வயது, முழங்கால் வலி. ஊருக்கு மாதம் ஒருமுறை வரும் ஒருவரிடம் பொடி வாங்கிச் சாப்பிட்டார். வெறும் காகிதப் பொட்டலம், பெயரும் இல்லை, லேபிளும் இல்லை. சாப்பிட்ட மூன்றாம் நாளே வலி பறந்தது. பசி எடுத்தது, முகம் பூரித்தது, ஊரே பாராட்டியது. ஒரு வருடம் ஓடியது. பிறகு அந்த ஆள் வரவில்லை, பொடியும் தீர்ந்தது. பத்து நாளில் வாந்தி, தலைசுற்றல். கட்டிலிலிருந்து எழுந்து நின்றால் விழுகிறார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது ரத்த அழுத்தம் 80-க்கு 50. காலைக் கார்டிசால் 1.1.

பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கவேண்டும் என்பது மருத்துவர்களின் முடிவு. முகம் பூரித்ததும் அதனால்தான். ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். யாரோ வெளியிலிருந்து ஹோஸ் பைப்பில் ஒரு வருடம் தண்ணீர் அடிக்கிறார்கள். உள்ளே ஈரம் தேவைக்கு மேல் இருப்பதால் பிளான்ட் தெளிப்பை நிறுத்திவிடுகிறது. பம்பு துருப்பிடிக்கிறது. ஒரு நாள் பைப்பை மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். பம்பு உடனே ஓடுமா? பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். அனுப்புவதை மறந்து, அட்ரீனல் சுருங்கிக் கிடந்தது. இப்போது மாத்திரையாக ஹைட்ரோகார்டிசோன் கொடுத்து, மெல்ல மெல்லக் குறைத்துவருகிறார்கள். மாதக்கணக்கில் ஆகுமாம்.

அந்தப் பெரியவரை ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். திண்ணையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று பொத்தானுக்கு நடுவில் இரண்டு முறை இளைப்பாறினார். கார்டிசால் இல்லாத உடம்பு அப்படித்தான் இருக்கும். காலையில் நம்மைப் படுக்கையிலிருந்து எழுப்பி நிற்கவைப்பதே அதுதான்.

அமுக்கரா இதைச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. லேபிள் இல்லாத பொட்டலம் செய்யும். அமுக்கரா என்று சொல்லி லேபிள் இல்லாமல் விற்பதையும் வாங்காதீர்கள்.

24 ஜூலை

நேற்று எடுத்தேன். பகல் ஷிஃப்ட் வாரம், காலை 7.45, கேப்சூல் நிறுத்தி ஆறு வாரத்துக்கு மேல். 18.4.

மார்ச்சில் 19.8, இப்போது 18.4. நடுவில் இருந்த 9.1-ஐ நான் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிறேன். கேப்சூல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதே நேரத்தில் எடுத்திருந்தால் என்ன காட்டியிருக்கும் என்பதற்கு இனி வழியில்லை. அந்த இரண்டு மாதத்தை நான் வீணாக்கிவிட்டேன்.

தூக்கம் மட்டும் உண்மை. கேப்சூல் சாப்பிட்ட நாள்களில் படுத்த அரை மணிக்குள் தூங்கினேன், நிறுத்திய பிறகு மறுபடி ஒரு மணி நேரம் புரளுகிறேன். இந்தச் செடியின் தாவரவியல் பெயரில் உள்ள சோம்னிஃபெரா என்ற சொல்லுக்கே தூக்கம் தருவது என்றுதான் பொருள். 2019-இல் தூக்கமின்மை உள்ள 60 பேரிடம் பத்து வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்விலும் சீக்கிரம் தூங்கினார்கள். நான் தேடியதும் தூக்கத்தைத்தான். கார்டிசால் எண்ணை நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது நானே. 19.8 என்று சீட்டு வந்தபோது அது அளவுக்குள் இருக்கிறது என்று பார்த்து அதோடு விட்டிருக்கலாம்.

3 ஆகஸ்ட்

நாகர்கோவில் சகோதரியின் மறுபரிசோதனை வந்துவிட்டது. மாத்திரை நிறுத்தி ஏழு வாரம், காலை 8 மணி: 13.2.

அவருக்குக் கார்டிசால் கூடவே இல்லை. தூக்கமின்மை அப்படியே இருக்கிறது. அதோடு ரத்தத்தில் இரும்புச்சத்து மிகவும் குறைவு என்று அதே தொகுப்பில் வந்திருந்ததை இப்போதுதான் கவனித்திருக்கிறார்கள். சிவப்பு எழுத்தில் 31.6 பளிச்சென்று இருந்ததால் பக்கத்து வரியை யாரும் படிக்கவில்லை. இரும்பு மாத்திரை தொடங்கியிருக்கிறார். படபடப்புக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் கழித்து எழுதுங்கள் அம்மா, காத்திருக்கிறேன்.

5 ஆகஸ்ட்

"இவ்வளவு எழுதிவிட்டு நீங்கள் இப்போது சாப்பிடுகிறீர்களா இல்லையா?" என்று கேட்டவருக்கு.

கேப்சூல் இல்லை. பாட்டிலில் மிச்சமிருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டேன், வீட்டில் வேறு யாரும் எடுக்கக்கூடாது என்பதற்காக. முழு நைட் வாரத்தில் மட்டும் அம்மாவின் பொடி, மருத்துவரிடம் சொல்லிவிட்டு. காலை எட்டரைக்கு வீட்டுக்கு வருவேன், ஜன்னலுக்குக் கனமான திரை தைத்துப் போட்டிருக்கிறோம், குளித்துவிட்டு அரைக் கரண்டி பாலில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை.

மனைவிக்கு டி.எஸ்.எச். இன்னும் முழுதாக மீளவில்லை, 0.9-க்கு வந்திருக்கிறது. கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அம்மா பழக்கதோஷத்தில் இன்று காலையும் இரண்டு டம்ளரை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார். பிறகு ஒன்றை எடுத்து அலமாரியில் கவிழ்த்துவிட்டு, மற்றொன்றில் மட்டும் பாலை ஆற்றினார்.